தெருவே சேர்ந்து செய்யும் கல்யாணம்: வாங்கிக்கொள்ளலாமா?

கேள்வி: போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறேன். என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டினார். தோட்ட வேலைக்கு ஆட்களைப் போடிமெட்டு வழியாகக் கூட்டிப்போய்க் கூட்டி வருவார். அவர் இறந்து 4 வருடம் ஆகிறது. ஒரே மகள், பி.காம். முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். வரும் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. செய்தி தெரிந்ததிலிருந்து ஆளாளுக்கு உதவ வருகிறார்கள். ஜீப் ஸ்டாண்டில் இருப்பவர்கள் வண்டிச் செலவு முழுக்க எங்களுடையது என்கிறார்கள். கூட வேலை பார்க்கும் பெண்கள் பணம் சேர்க்கிறார்கள். எதிர்வீட்டுப் பாய் வீட்டு அக்கா ஜாக்கெட் எல்லாம் காசு வாங்காமல் தைத்துத் தருவாராம். பக்கத்து வீட்டு அக்கா, அன்றைக்கு மட்டும் போட்டுக்கொள்ளத் தன் 5 பவுன் ஆரத்தைத் தருகிறேன் என்கிறார். குடோன் முதலாளி 50,000 ரூபாய் வாங்கிக்கோ, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். இதையெல்லாம் எப்படித் திருப்பிச் செய்யப்போகிறேன் என்று ராத்திரி தூக்கமில்லை. கொழுந்தனோ, 'தெருவே சேர்ந்து கட்டிக்கொடுத்தார்கள் என்று பேச்சு வரும், நம் குடும்பத்துக்கு அசிங்கம்' என்கிறார். ஆனால் அவர் கையிலிருந்து ஒன்றும் வரவில்லை. மகள், எதுவும் வேண்டாம், கோவிலில் தாலி கட்டினால் போதும் என்கிறாள். நலங்கு அன்று நான்தான் முதலில் மஞ்சள் பூச வேண்டும் என்று தெருப் பெண்கள் வேறு பிடிவாதம் பிடிக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: குடும்ப நல ஆலோசகர்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் முழுக்கக் கணக்கு. யார் என்ன தருகிறார்கள், எப்படித் திருப்புவது என்று. மஞ்சள் விஷயத்தைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான். ஆனால் தூக்கம் கெடுவது கணக்கால் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

உங்கள் வீட்டுக்காரர் இருந்தவரை எத்தனை கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால்காய்ச்சுக்குப் போயிருப்பார்? தேனிப் பக்கம் செய்முறை, அதாவது மொய், செய்யாமல் சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள் கிடையாது. 101, 201 என்று எழுதியிருப்பார். நெருங்கிய சிநேகிதன் வீடென்றால் கூடவே எழுதியிருப்பார். யாருக்கு எவ்வளவு செய்தார் என்று குறித்து வைத்த நோட்டு வீட்டில் இருக்கிறதா? பீரோவின் அடித்தட்டில், பழைய டிரங்குப் பெட்டியில் தேடுங்கள். பல வீடுகளில் அது தனி நோட்டாக இருக்காது. டீசல் அடித்த கணக்குக்கு நடுவே இரண்டு வரியாகக் கிடக்கும். நோட்டே கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. நீங்கள் எழுதி வைக்காததை, வாங்கியவர்கள் எழுதி வைத்திருப்பார்கள். அவர்கள் வீட்டு நோட்டில் ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை எல்லாம் பத்திரமாக இருக்கும்.

ஜீப் ஸ்டாண்டுக்காரர்கள் ஓடி வருவதற்குப் பாசம் ஒரு காரணம். அவருக்குச் செய்ய வேண்டியது அவர்களில் பலரிடம் பாக்கி நிற்கிறது என்பது இன்னொரு காரணம். அவர் போன பிறகு உங்கள் வீட்டில் நடக்கும் பெரிய விசேஷம் இதுதானே? 'என் தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் நின்னு செஞ்சான், அவன் வீட்டுக்கு நான் ஒண்ணும் செய்யலையே' என்று மனசுக்குள் உறுத்திக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கூச்சப்பட்டு ஒதுங்கினால் சங்கடப்படப்போவது அவர்கள்தான். அதனால் நோட்டில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் பத்திரிகை போகட்டும், தூரத்து ஊர் என்றாலும். பத்திரிகையில் அவர் பெயரைப் போடும்போது ஸ்டாண்டில் அவரை எப்படிக் கூப்பிடுவார்களோ அந்தப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். ரேஷன் கார்டில் உள்ள முழுப் பெயரை மட்டும் அச்சடித்தால் பாதிப் பேருக்கு இது யார் வீட்டுப் பத்திரிகை என்றே பிடிபடாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணி, இந்தப் பக்கமெல்லாம் ஆடி மாதம் மொய் விருந்து என்றே நடத்துகிறார்கள். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. பந்தல் போட்டு, கறி விருந்து வைத்து, மொய் வாங்குவதற்காகவே பத்திரிகை அடிப்பார்கள். வந்த பணத்தில் போர் போடுவார்கள், கடை வைப்பார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. நேற்று நான் உனக்குப் போட்டேன், இன்று நீ எனக்குப் போடுகிறாய், அவ்வளவுதான். உங்கள் ஊர்ச் செய்முறையும் இதே வழக்கம்தான்.

உண்மையில் நீங்கள் புதிதாகத் திருப்ப வேண்டியது, பழைய கணக்கு இல்லாதவர்கள் செய்வதை மட்டும். உங்களோடு வேலை பார்க்கும் பெண்கள் சேர்க்கிற பணம் அப்படிப்பட்டது. அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: மொத்தமாகக் கவரில் தர வேண்டாம், தனித்தனிப் பெயரில் எழுதட்டும். இருபது பேர் சேர்ந்து ஒரு கவர் என்றால் பிற்பாடு யாருக்கு எவ்வளவு செய்வது என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் மறந்துவிடும். இந்தப் பாக்கியும் ஒரே நாளில் வாசலில் வந்து நிற்காது. ஒருத்தி வீட்டில் ஆவணியில் காதுகுத்து, இன்னொருத்தி வீட்டில் மறு வருடம் வைகாசியில் கல்யாணம் என்று வரும். தபால் ஆபீசில் 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு திறக்கலாம். செய்முறைக்கென்றே ஒன்று திறந்து மாதாமாதம் முடிந்ததைப் போட்டுவாருங்கள். தொடர் வைப்பில் போடாதீர்கள். முகூர்த்த மாதத்தில் அவசரத்துக்கு எடுக்க முடியாமல் நிற்பீர்கள்.

இனி மற்ற உதவிகள். நீங்கள் தினமும் காயைப் பார்த்த மாத்திரத்தில் இது எந்தத் தரம் என்று ஒதுக்குகிறவர். வருகிற உதவியையும் அப்படித்தான் ஒதுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குவியலில் போட்டுக்கொண்டு 'இதையெல்லாம் எப்படி' என்று பார்த்தால் யாருக்குமே மலைப்பாகத்தான் இருக்கும்.

எதிர்வீட்டு அக்காவின் தையலை நோட்டில் ஏற்றவே கூடாது. அதற்கு ரூபாய் போட்டு, பின்னால் கவரில் வைத்து நீட்டினீர்கள் என்றால் அவர் முகம் சுண்டிவிடும். லைனிங் துணி, நூல், ஊக்கு, லேஸ் எல்லாம் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். கை வேலையை மட்டும் அவர் தரட்டும். முக்கியமாக, துணியைக் கார்த்திகைக்குள் கொடுத்துவிடுங்கள். மார்கழி பிறந்தால் பொங்கல் துணி வந்து குவியும், தையல்காரர்களுக்கு அப்போதுதான் நாலு காசு வருகிற நேரம். இலவசமாகத் தைக்கிறவர் தன் வாடிக்கைக்காரர் துணியை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுடையதை எடுக்கும்படி ஆகக் கூடாது. நாளைக்கு அவர் வீட்டில் ஒரு நிக்காஹ் என்றால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். அவர் எதிர்பார்ப்பது அதுதான்.

ஜீப்புக்கும் இப்படி ஒரு வார்த்தை. வண்டியும் ஓட்டுகிற கூலியும் அவர்கள் பொறுப்பு, டீசல் உங்கள் செலவு என்று பேசிக்கொள்ளுங்கள். முழுவதும் வேண்டாம் என்று சொன்னால் மனசு கஷ்டப்படும். முழுவதும் வாங்கிக்கொண்டால் வண்டிக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு உள்ளூர இடிக்கும்.

தெருவில் பணமாகச் செய்ய முடியாதவர்களும் இருப்பார்களே, அவர்களை நீங்கள் யோசித்தீர்களா? முன்பெல்லாம் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி தெருவே உட்கார்ந்து காய் நறுக்கும். இப்போது சமையல் கான்ட்ராக்டர் வந்து இலை முதல் பீடா வரை பார்த்துக்கொள்கிறார். சௌகரியம்தான், நான் குறை சொல்லவில்லை. முகூர்த்தச் சாப்பாட்டை அவரிடமே விடுங்கள். 300 பேர் சமையலைத் தெருப் பெண்கள் தலையில் கட்டினால் அன்பு இரண்டாவது பந்தியிலேயே தீர்ந்துவிடும். ஆனால் ஏதாவது ஒரு வேலையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தாம்பூலப் பை போடுவது நல்ல வேலை. திண்ணையில் பாயை விரித்து, ஒரு பக்கம் தேங்காய், ஒரு பக்கம் வெற்றிலைக் கட்டு, பாக்குப் பொட்டலம், மஞ்சள் கிழங்கு என்று பரப்பிவிட்டால் போதும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பையை விரித்துப் பிடிக்கும். ஒருத்தி தேங்காயைத் தட்டிப் பார்த்து அழுகலை ஒதுக்குவாள். கண் சரியாகத் தெரியாத பாட்டி ஒருவர் வெற்றிலையைக் காம்பு தடவி இரண்டிரண்டாகப் பிரிப்பார். அவர் எண்ணிக்கை தப்பாது. கடைசியில் பத்துப் பை குறையும், யார் போட்டதில் இரண்டு பாக்குப் பொட்டலம் விழுந்தது என்று ஒரு சின்னச் சண்டை வரும், டீ வரும். அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் மறுநாள் மண்டபத்தில் நடக்கிற நடையே வேறு மாதிரி இருக்கும். பணம் செய்ய முடியாதவரை விருந்தாளியாக மட்டும் வைத்தால் அவர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

இப்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டியது. அந்த 5 பவுன் ஆரம்.

பக்கத்து வீட்டு அக்காவின் மனசு தங்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் இரவல் நகையை மணப்பெண் கழுத்தில் போடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்காதவர்களுக்கும் கண் இருக்கிறது. ஆல்பத்தில் ஆரம் இருக்கும், மறுவீட்டுக்குப் போகும்போது இருக்காது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு மாமியாரோடு ஆரம்பித்த முதல் மனத்தாங்கலே இதுதான். 'அன்னைக்குப் போட்டிருந்த செயின் எங்கே, அம்மா வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டியா?' என்று சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார். இரவல் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இந்தப் பெண் ஏதோ சமாளிக்க, அது பொய்யாகப் போய், இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அதோடு கூட்டத்தில் கொக்கி கழன்று விழுந்தால் உங்களால் ஈடுகட்ட முடியுமா? தங்கம் விற்கிற விலைக்கு 5 பவுன் என்பது உங்கள் கல்யாணச் செலவையே தாண்டிவிடும். அக்காவிடம், 'அக்கா, அந்த ஆரத்தை நீங்க போட்டுக்கிட்டு என் பொண்ணு பக்கத்துல நில்லுங்க, எனக்கு அது போதும்' என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார். மகளுக்கு என்ன நகை உண்டோ அதை மாப்பிள்ளையின் அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுவதும் நல்லது.

முதலாளியின் 50,000 ரூபாய்தான் எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லிக் கொடுக்கும் பணத்துக்கு விலை என்ன என்பது பிறகுதான் தெரியும். நேராகவே கேளுங்கள்: 'ஐயா, இது செய்முறையா, அட்வான்ஸா?' செய்முறை என்றால் கல்யாணத்தன்று வந்து எல்லாரையும் போல மேசையில் எழுதட்டும், சந்தோஷம். அட்வான்ஸ் என்றால் வாரம் எவ்வளவு பிடிப்பார், எத்தனை வாரம், வட்டி உண்டா என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பணத்தைக் காட்டி, வேறு குடோனுக்குப் போகக் கூடாது, கூலி கூட்டிக் கேட்கக் கூடாது என்று கட்டிப்போட்டால் அது 1976-ம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். அவர் அப்படிச் செய்வார் என்று சொல்லவில்லை. எழுதிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எழுத மனமில்லை என்றால் அந்தப் பணம் இல்லாமல் கல்யாணத்தைச் சுருக்கிக்கொள்வதே மேல்.

கொழுந்தனைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தன்னால் செய்ய முடியவில்லை என்ற குறை அவருக்கு உள்ளே இருக்கலாம். அது வெளியே வரும்போது 'குடும்ப அசிங்கம்' என்று வருகிறது. அவரோடு வாதாட வேண்டாம். பத்திரிகையில் முறைப்படி பெயர் போடுங்கள், வெற்றிலை பாக்கு வைத்து முதலில் அழையுங்கள், வாசலில் நின்று வரவேற்கும் பொறுப்பை அவரிடமும் அவர் மனைவியிடமும் கொடுங்கள். தெருக்காரர்களை அவரே கும்பிட்டு உள்ளே அழைக்கும்படி ஆகிவிட்டால் பேச்சு தானாக அடங்கும். ஆனால் செய்முறை மேசையை அவரிடம் விடாதீர்கள். யார் மேலும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. அந்த மேசையில் எப்போதும் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் எழுத, ஒருவர் பணத்தை எண்ணிப் பைக்குள் போட. எழுதுகிறவருக்குக் கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும், தெருவில் ரிட்டையரான வாத்தியார் யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள். பை உங்கள் அண்ணன் தம்பி கையில் இருக்கட்டும். கூடப் பிறந்தவர் இல்லை என்றால் தாய்மாமன் முறையில் நிற்கப்போகிறவரிடம் கொடுங்கள். அன்று ராத்திரியே நோட்டையும் பணத்தையும் சரிபார்த்துக் கீழே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மகள் எதுவும் வேண்டாம் என்கிறாளே, அவளிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். உங்களைக் கடனில் தள்ளக் கூடாது என்று சொல்கிறாளா, இத்தனை பேர் உதவியில் நடக்கிறது என்று கூச்சப்படுகிறாளா, இல்லை உண்மையிலேயே எளிமையாக நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாளா? கணக்கு எழுதுகிற பெண், நோட்டை அவள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோவிலில் தாலி, பக்கத்தில் ஏதாவது ஒரு சமுதாயக் கூடத்தில் சாப்பாடு என்றால் அவள் சொல்வதும் நடக்கும், தெருவுக்கும் இடமிருக்கும்.

சரி, மஞ்சள்.

உங்கள் தெருப் பெண்கள் சுமங்கலிகள். தாலி அறுத்தவள் முதலில் மஞ்சள் தொடக் கூடாது என்றுதான் அவர்களுக்கும் சொல்லி வளர்த்திருப்பார்கள். அந்தப் பெண்களே பேசி வைத்துக்கொண்டு, நீதான் முதலில் பூச வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள் என்றால், அந்த முடிவுக்கு வருவதற்குள் அவர்களுக்குள் எவ்வளவு பேச்சு நடந்திருக்கும்! யாராவது ஒரு கிழவி முகத்தைச் சுளித்திருப்பார், அவரையும் வழிக்குக் கொண்டு வந்திருப்பார்கள். ஆரம், ஜீப், பணம் எல்லாவற்றையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்குத் திருப்பிச் செய்கிற கணக்கும் கிடையாது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நாம் தொட்டு மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் உங்கள் கையால்தான் ராத்திரி முழுக்கப் பத்துப் போட்டீர்கள். நாலு வருடமாக அவளுக்குச் சோறு போட்டதும் பரீட்சைக்குப் பணம் கட்டியதும் அதே கைதான். அப்போதெல்லாம் ஆகாதது மஞ்சளில் என்ன ஆகப்போகிறது? ஆனாலும் உங்களை நான் கட்டாயப்படுத்தவில்லை. கூட்டத்தில் கை நடுங்கும் என்று தோன்றினால், நலங்கு அன்று விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்கு நீங்கள் மட்டும் பூசிவிட்டுப் பிறகு கதவைத் திறந்து மற்றவர்களைக் கூப்பிடுங்கள். தெருப் பெண்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மேடையிலும் இதே கேள்வி வரும். தாரை வார்க்கத் தம்பதியாகத்தான் நிற்க வேண்டும், கொழுந்தனும் அவர் மனைவியும் நிற்கட்டும் என்பார்கள். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த திருத்தம். சொந்தபந்தம் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டு, மாலை மாற்றினாலும் மோதிரம் மாற்றினாலும் தாலி கட்டினாலும் கல்யாணம் செல்லும். புரோகிதரும் கட்டாயமில்லை, தாரை வார்ப்பதும் கட்டாயமில்லை. ஆகவே இது சட்டம் தடுக்கிற விஷயமில்லை, உங்கள் வீட்டார் பேசி முடிவு செய்துகொள்வது. மகளைக் கேளுங்கள். அம்மாதான் நிற்க வேண்டும் என்று அவள் சொன்னால், அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேடையில் வைத்துப் பேச வேண்டாம். கல்யாணம் முடிந்து 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்று. அரசாங்கத்தில் ஈ.வெ.ரா. மணியம்மையார் பெயரில் ஏழை விதவையரின் மகள் திருமணத்துக்கு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. பெண் பட்டப்படிப்பு முடித்திருந்தால் 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்க நாணயமும் என்று அந்தத் திட்டத்தில் இருக்கிறது. வருமான வரம்பு உண்டு. ஒரு குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குத்தான், உங்களுக்கு ஒரே பெண். முதலாளி தருகிறேன் என்ற அதே தொகை இது, யாருக்கும் கடன்படாமல். ஆனால் கல்யாணம் முடிந்த பிறகு போனால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். 40 நாள் முன்னதாகவே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பணமும் நாணயமும் கைக்கு வர நாளாகலாம் என்பதால் அதை நம்பி எதற்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

விதவைச் சான்றும் வருமானச் சான்றும் கையில் இல்லை என்றால் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுங்கள், தாலுகா ஆபீசில் கையெழுத்தாகி வர நாள் பிடிக்கும். மகளின் டி.சி., பட்டச் சான்று, அவள் அப்பாவின் இறப்புச் சான்று, பத்திரிகை எல்லாவற்றையும் இரண்டு செட் நகல் எடுத்துக்கொண்டு தேனியில் மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். தனியாகப் போக வேண்டாம். ஸ்டாண்டில் யாரையாவது கேளுங்கள், கூட்டிப்போக நான் நீ என்று வருவார்கள்.